பத்திரிகை அடிக்கும் கை

இல்லாத ஒரு காபிக் கடைக்கு ஆங்கிலத்தில் சின்னம் ஒன்று வரைந்து, வெண்கோப்பையின் மேல் அதைப் பதித்ததுபோல் நிழலும் ஒளியும் சேர்த்து, பிஹான்ஸ், டிரிபிள் போன்ற வடிவமைப்பாளர் தளங்களில் ஏற்றிவிட்டு, வாடிக்கையாளர் தேடி வருவார் என்று காத்திருக்கும் வழக்கம் நம் இளம் வடிவமைப்பாளர்களிடையே வேரூன்றிவிட்டது. அதில் பயிற்சி உண்டு, சாமர்த்தியமும் உண்டு. காரியம் கொடுக்க வருகிறவர் அறிய விரும்பும் விஷயம் மட்டும் அதில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்த விஷயம் நிஜமான வேலையில்தான் தெரியும். அடிவாரத்தில் நீர்வண்ணர் நிற்க, மலைமேல் ரங்கநாதர் சயனித்திருக்கும் திருநீர்மலை, கல்யாணங்களுக்குப் பெயர்போன க்ஷேத்திரம். சுபமுகூர்த்த நாளில் அங்கே எத்தனை குடும்பங்கள் கூடுகின்றனவோ, அத்தனை கல்யாணப் பத்திரிகைகளையும் யாரோ சிலர் கணினிமுன் அமர்ந்து உருவாக்கியிருக்கிறார்கள். இரு தரப்புப் பாட்டனார் பெயர்கள், படித்த பட்டங்கள், அச்சுக்குப் போகும் தறுவாயில் சேர்க்கச் சொன்ன தாய்மாமன் பெயர் ஆகிய இவ்வளவையும், பழைய வானவில் எழுத்துருவுக்கும் யூனிகோடுக்கும் இடையே கொம்பும் காலும் இடம் மாறாதபடி, ஒரு சிறு அட்டைக்குள் கண்ணுக்கு இதமாக அடக்குவது சாமானிய வித்தையா? அதைத்தான் ‘லோக்கல் வேலை’ என்று ஒளித்துவைக்கிறார்கள்!

வேலையை ஒளிக்காமல், அதன் காரணத்தோடு காட்டுவதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்ற ரூபாய்ச் சின்னத்தை வரைந்த உதயகுமார் தமிழ்நாட்டவர், மும்பை ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்தின் வடிவத்தையே ஆராய்ந்தவர். தேவநாகரி ‘ர’வும் ரோமானிய ‘ஆர்’ எழுத்தும் அதில் எவ்வாறு இணைந்தன, மேற்கோடு ஏன் வந்தது என்ற விளக்கமும் சின்னத்தோடு கூடவே ஜனங்களிடம் போய்ச் சேர்ந்தது.

அதுபோல, பத்திரிகையையோ கடைப் பலகையையோ தளத்தில் வைக்கிறவர், வந்தவர் கேட்டது என்ன, முதல் வரைவு ஏன் தள்ளப்பட்டது, பொன்னிற எழுத்து அச்சில் எங்கே மங்கியது என்று தமிழிலேயே நாலு வரி எழுதட்டும். குடும்பத்தாரின் சம்மதம் பெற்று, அவர்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மறைத்துவிடுவது மரியாதை. இதை மறக்கிறவர்கள் அதிகம்.

பிஹான்ஸ் 2012-இல் அடோபி நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. பிறர் திண்ணையில் பரப்பிய கடைக்கு விதிகளும் பிறருடையவையே. ஆதலால் சொந்தப் பெயரில் ஒரு பக்கமும் அவசியம். பத்திரிகைக்கு இவ்வளவு, பலகைக்கு இவ்வளவு, மூன்றாம் திருத்தத்துக்கு மேல் தனிக் கட்டணம் என்று அதில் கூச்சமின்றி எழுதிவிட்டால், பாதிப் பேரம் தொலைபேசி மணி அடிக்கும் முன்பே முடிந்துவிடும்.