வெள்ளரிக்காய்மேல் விழுந்த பழி

கலியாண வீட்டில் உண்டு திரும்பியவர் நால்வருக்கு வயிற்றோட்டங் கண்டால், தயிர் பழுது என்பார் ஒருவர். தண்ணீர் கெட்டது என்பார் மற்றொருவர். ஈற்றில் பழி முழுவதும் சமையற்காரர் தலையில் விழும். இவ்வாறு அவசரப்பட்டுப் பழி கூறுவதில் படித்த அதிகாரிகளும் தவறியதுண்டு. அக்கதையை இவ்வாரம் கூறுவோம்.

2011ஆம் ஆண்டு மே மாதத்தில் வட ஜேர்மனியிலே இரத்தங் கலந்த வயிற்றோட்டம் திடீரெனப் பரவிற்று. 3,800 பேருக்கு மேல் நோயுற்றனர். அவருள் 800க்கும் அதிகமானோர்க்குச் சிறுநீரகங்கள் பழுதுற்றன. 50 பேருக்கு மேல் மாண்டனர். ‘என்ன உண்டீர்கள்?’ என வினவியபோது, தக்காளி, வெள்ளரிக்காய், சலாதுக் கீரை என்றே பலரும் விடையிறுத்தனர். ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காயிற் கிருமி இருந்ததாக ஹம்பேர்க் நகர அதிகாரிகள் மே 26இல் அறிவித்தனர். ஐந்து நாட்களின் பின், அக்கிருமி வேறு, நோய் தந்த கிருமி வேறு என்பது தெளிவாயிற்று. அதனால் யாது பயன்? அதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் விளைச்சல் வாங்குவாரின்றி அழிந்துபோயிற்று.

அப்பொழுது ஆராய்ச்சியாளர் வினாவை மாற்றினர். உண்டவரின் ஞாபகத்தை மட்டும் நம்பாது, உணவுச்சாலைச் சமையற்காரரை அணுகி, எந்த உணவில் என்னென்ன சேர்ந்தன எனக் கேட்டனர். நோயுற்றோரையும் நோயுறாதோரையும் ஒப்பிட்டனர். முளைவிட்ட வித்துக்கள் சேர்ந்த உணவை உண்டவரே பெரிதும் நோயுற்றிருந்தனர். சலாதின்மேல் அலங்காரமாகத் தூவிய முளையைப் பலர் மறந்தே போயிருந்தனர்! நோய் தோன்றிய 41 இடங்களுக்கும் முளை வந்த வழியைத் தொடர்ந்து சென்றபோது, எல்லா வழிகளும் கீழ்ச் சக்சனி மாநிலத்து ஒரே பண்ணையிற் சென்று முடிந்தன.

ஜூன் மாதத்திற் பிரான்சின் போர்தோ நகரருகே அதே நோய் தோன்றியது. இரு நாட்டுக்கும் பொதுவாயிருந்தது எகிப்திலிருந்து வந்த வெந்தயம். ஆம், நம் அடுக்களை வெந்தயந்தான்! கொதிக்கும் குழம்பிலே கிருமி பிழையாது. ஆனால் வித்தை முளைக்க வைக்கும் ஈரமும் இளஞ்சூடும் கிருமியையும் பெருக்கும். அம்முளையை அவர்கள் பச்சையாகவே உண்டனர்.

மாணவர்களே, தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முதுமொழி. சமையற்காரரைக் குற்றவாளியாக அன்றிச் சாட்சியாக அழைத்தபோதே அங்கு உண்மை வெளிவந்தது. நம் ஊர்ப் பந்தியிலும் இத்தகைய துன்பம் நேர்ந்தால், யார் எதை உண்டார், யார் உண்ணவில்லை, யார் நோயுற்றார் என முதலில் ஒரு தாளிற் குறித்துக்கொள்ளுங்கள். பழி கூறுவதைப் பின்பு பார்த்துக்கொள்ளலாம்.