குளிசை போடாதவரைத் திட்டி என்ன பயன்?



நம்ம ஊரில் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் குளிசை உறைகள் இருக்கும். போன மாதத்து உறை, அதற்கு முந்திய மாதத்து உறை, பிரிக்கவே படாத உறை. மூத்தம்மா மௌத்தான பிறகு கட்டிலுக்குக் கீழே இருந்து ஒரு ஷொப்பிங் பேக் நிறைய மருந்து எடுத்த கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். சுபஹ் தொழுத கையோடு போய் நம்பர் எடுத்து, பகல் வரை வாங்கில் காத்திருந்து வாங்கிய மருந்து அது. ஒரு மாதம்கூட வாங்கத் தவறியதில்லை. போடத்தான் இல்லை.

இதைக் கண்டதும் நமக்குக் கோபம் வருகிறது. "சொன்னாக் கேட்டாத்தானே" என்று மகன் கத்துவார், கிளினிக்கில் மிஸ்ஸும் ஏசுவார். அந்தக் கோபம்தான் இந்த நோயாளிகளை இன்னும் மோசமான இடத்துக்குத் தள்ளுகிறது என்பது எங்கள் கருத்து. ஏன் என்று சொல்கிறோம்.

முதலில் ஒரு விடயம். இது கிண்ணியா, மூதூர் ஆட்களின் பொடுபோக்கு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2003இல் இதைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. பணக்கார நாடுகளிலேயே நீண்டகால நோய்க்காரர்களில் ஏறத்தாழ பாதிப்பேர்தான் சொன்னபடி மருந்து எடுக்கிறார்கள், நம்மைப் போன்ற நாடுகளில் அதைவிடக் குறைவு என்று அதில் இருக்கிறது. படித்தவன், படிக்காதவன், காசுள்ளவன், இல்லாதவன் எல்லோரும் இதில் அடக்கம்.

நாங்கள் ஆசிரியர்கள். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையை நன்றாகத் தெரியும். கொப்பி பார்க்கும் நாள் காலையில் பக்கத்து வாங்குப் பிள்ளையின் கொப்பியை வாங்கி மடமடவென்று எழுதும். ஏச்சு அதிகமான வகுப்பில் இந்தக் கொப்பியடிப்பும் அதிகம். பெரியவர்களும் இதையேதான் செய்கிறார்கள். மூடியைத் திறக்கும் நேரத்தைத் தானாகப் பதியும் மருந்துப் போத்தல்களை வைத்து வெளிநாட்டில் ஆராய்ந்திருக்கிறார்கள். டொக்டரைச் சந்திக்கும் நாளுக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஒழுங்காகக் குளிசை போடுகிறார்கள், இடைப்பட்ட நாட்களில் கைவிடுகிறார்கள் என்று அதில் தெரிய வந்தது. கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்கும்போது மட்டும் பிரஷர் குளிசையைத் தேடும் வாப்பாமார் நம்மிடையே எத்தனை பேர்!

வாய்ச்சொல்லை மட்டும் நம்ப முடியாது என்பதை நமது பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய்க்கென்று ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். காசநோய் என்றால் ஆஸ்பத்திரியில்தான் கிடக்க வேண்டும் என்றிருந்த காலம். ஏழை வீடுகளிலேயே மருந்து கொடுத்து ஒரு வருடம் பார்த்தார்கள். சலத்தைச் சோதித்தார்கள், சொல்லாமல் வீட்டுக்குப் போய் மிச்சக் குளிசைகளை எண்ணினார்கள். 1959இல் முடிவு வந்தது: மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் வீட்டில் இருந்தவரும் ஆஸ்பத்திரியில் இருந்தவரைப் போலவே சுகமாகிறார். அதே நிலையம் 1960களில் இன்னொன்றையும் செய்து பார்த்தது. ஒவ்வொரு நாளும் தானாகப் போட முடியாதவருக்கு, வாரத்தில் இரண்டு நாள் ஊழியரின் கண் முன்னாலேயே மருந்து. இன்று நமது மார்பு நோய் கிளினிக்கில் ஒருவர் பார்த்திருக்கக் குளிசை விழுங்க வைக்கிறார்களே, அதன் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. நோயாளியை மாற்ற முடியவில்லை என்றதும் மருந்து கொடுக்கும் முறையை மாற்றினார்கள். அதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஏச்சுக்குப் பயந்து பொய் சொன்னால் என்ன நடக்கும்? "ஒழுங்காப் போடுறீங்களா?" என்று டொக்டர் கேட்கிறார். "ஓம் டொக்டர்." பிரஷரோ 170இல் நிற்கிறது. அவர் என்ன செய்வார்? இந்த மருந்து போதாது என்று அளவைக் கூட்டுவார், இன்னொன்றைச் சேர்ப்பார். பிறகு ஒரு நாள் காய்ச்சலோடு வார்டில் படுக்கிறார். அங்கே கொப்பியில் உள்ள எல்லாவற்றையும் நேரம் தவறாமல் கொடுப்பார்கள். உடம்பு பார்த்தே இராத அளவு. பிரஷர் விழுகிறது, சீனி விழுகிறது. "ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆள் மோசமாகிட்டு" என்று ஊர் பேசும்.

சரி, ஏன் போடுவதில்லை? மறதி மட்டும் இல்லை. கொட்டியாரக்குடாவில் இரவு வள்ளம் ஏறும் ஒருவருக்கு, அடிக்கடி சலம் போகவைக்கும் குளிசையைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? தொழிலுக்குப் போகும் நாளில் அதை விட்டுவிடுவார். அவருக்கு அது நியாயமான முடிவு. எந்த நேரத்தில் போடலாம் என்று டொக்டரிடம் கேட்டிருந்தால் வழி இருந்திருக்கும். கேட்பதற்கு வெட்கம். மெட்போமின் போட்டால் வயிற்றைக் கலக்குகிறது என்று நிறுத்தியவர்களும் அப்படித்தான். சாப்பாட்டோடு போட்டால் பலருக்கு அது குறையும், வேறு வகையும் இருக்கிறது. 2022இல் நாடு விழுந்தபோது மருந்து கிடைக்காமல் ஒன்றைப் பாதியாக உடைத்துப் போட்டார்கள். அந்தப் பழக்கம் சில வீடுகளில் இன்னும் போகவில்லை. பசார் பாமசியில் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர் அதை மகனிடம்கூடச் சொல்லமாட்டார்.

"குளிசை கிட்னியைப் பழுதாக்கும்" என்ற பேச்சுத்தான் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. இதைச் சொல்பவர்களை முட்டாள்கள் என்று நாம் நினைக்கக்கூடாது. பத்து வருடம் குளிசை போட்டவர் கடைசியில் இரத்தம் சுத்திகரிக்கப் போனதை அவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். வேதனைக் குளிசைகளைக் கண்டபடி வாங்கிப் போடுவது கிட்னிக்குக் கூடாது, அது உண்மை. ஆனால் சீனியும் பிரஷரும் கட்டுப்படாமல் இருப்பதுதான் கிட்னி பழுதாக முக்கிய காரணம். அதைத் தடுக்கத்தான் அந்தக் குளிசை. இதைப் பொறுமையாக, அவருடைய பாஷையில் விளக்க ஓர் ஆள் வேண்டும். நூறு பேர் வரிசையில் நிற்கும் கிளினிக்கில் டொக்டருக்கு அதற்கு எங்கே நேரம்?

நமது நாட்டிலேயே நடந்த இரண்டு ஆய்வுகள் இதற்கு வழி காட்டுகின்றன. 2018இல் முடிவு வெளியான ஒன்றில், இலங்கை ஆஸ்பத்திரி கிளினிக்குகளில் பிரஷர் உள்ள 700 பேரை எடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்த்த ஒரே குளிசை, மற்றவர்களுக்கு வழமையான வைத்தியம். ஆறு மாதத்தில் ஒரே குளிசை போட்டவர்களில் 100க்கு 70 பேருக்குப் பிரஷர் இலக்குக்கு வந்தது, மற்றவர்களில் 55. மூன்று மருந்தும் சேர்ந்து வேலை செய்ததும் ஒரு காரணம்தான், ஆனால் எண்ணிக்கை குறைந்தால் பாரமும் குறைகிறது. மற்றது 2020இல் வெளியானது. இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் கிராமங்களில் 2,645 பேர். சுகாதார ஊழியர்கள் வீடு தேடிப் போய் பிரஷர் பார்த்து, இருந்து பேசினார்கள். இரண்டு வருடத்தில் அந்தக் கிராமங்களில் பிரஷர் மற்றவற்றைவிட ஏறத்தாழ 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது.

நோன்பைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 13 நாடுகளில் 12,000க்கு மேற்பட்ட சீனி வருத்தக்காரர்களிடம் 2001இல் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகுமளவு சீனி இறங்குவது, பெரியவர்களுக்கு வரும் வகையில், றமழானில் ஏழு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. நம்மவர்கள் காலைக் குளிசையைத் தாங்களாகவே ஸஹருக்கு மாற்றுவார்கள், அல்லது முப்பது நாளும் விட்டுவிடுவார்கள். இரண்டையும் டொக்டரிடம் சொல்வதில்லை, "நோன்பு பிடிக்க வேணாம்" என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். நோன்புக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பே பேசி மருந்தை மாற்றியமைக்க வேண்டும் என்று வைத்தியர்களின் வழிகாட்டல் இருக்கிறது. அதாவது ரஜபில் வரும் கிளினிக்கிலேயே கேட்க வேண்டும். ஷஃபான் கடைசி ஜும்ஆவில் அறிவித்துப் பயனில்லை.

பாடசாலையில் எங்களால் முடிந்ததையும் யோசித்தோம். உறையில் ஆங்கிலத்தில் கிறுக்கிய இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு எழுபது வயது உம்மா என்ன செய்வார்? வெள்ளைக் குளிசை, மஞ்சள் குளிசை என்று நிறத்தை வைத்துத்தான் ஞாபகம். அடுத்த மாதம் கம்பனி மாறி நிறம் மாறினால் அதுவும் போயிற்று. நமது பத்தாம், பதினொராம் வகுப்புப் பிள்ளைகள் கிளினிக் நாளில் மூத்தம்மாவோடு போகலாம். எது எதற்கு, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று மருந்து கொடுக்கும் ஜன்னலிலேயே கேட்டு, உறையில் தமிழில் பெரிதாக எழுதலாம். பிள்ளை தானாக ஊகித்து எழுதக்கூடாது, கேட்டுத்தான் எழுத வேண்டும். மிச்சம் கிடக்கும் பழைய குளிசைகளை எறியாமல் ஒரு பையில் போட்டு அடுத்த கிளினிக்குக்கு அப்படியே கொண்டுபோகட்டும். மூத்தம்மா வாய் திறந்து சொல்ல வெட்கப்படுவதை டொக்டர் அந்தப் பையைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கும் நாம் மட்டும் ஏசாமல் இருந்தால் சரி.