மண்ணைப் பார்க்காத பசளை

பெரகல சந்தியிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறினாலும் கொஸ்லந்தைக்கு இறங்கினாலும், தேயிலை மலைகளுக்கு நடுவே போஞ்சியும் கோவாவும் தக்காளியும் நிற்கும் சின்னச் சின்னப் பாத்திகள் கண்ணில் படும். பராமரிப்பில்லாமல் போன தேயிலையைப் பிடுங்கிவிட்டு, லயத்துக்குப் பின்னால் கிடைத்த பத்துப் பதினைந்து பேர்ச்சில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் செய்யும் விவசாயம் அது. நாட்சம்பளம் போதாத வீட்டில் அந்தப் பாத்திதான் பிள்ளையின் பள்ளிச் செலவைப் பார்க்கிறது. இவர்களுக்குப் பசளை விற்கக் கடைகள் இருக்கின்றன. எதை, எவ்வளவு, எப்போது போடுவது என்று சொல்ல அரசாங்கத்தின் ஆள்தான் அந்தப் படி ஏறி வருவதில்லை.

2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி மூலம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பர் முடிவதற்குள் அரசாங்கம் பின்வாங்கியது. அதற்குள் சேதம் நடந்துவிட்டது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாகச் சரிந்தது. பசளை திரும்பவும் கடைக்கு வந்தபோது, பழைய விலையின் பல மடங்கைக் கேட்டது. இந்த அனுபவத்திலிருந்து கொழும்பு கற்றுக்கொண்ட பாடம், மூட்டை கிடைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்பதுதான். அது பாதிப் பாடம்.

ஊவாவின் இந்த மலைச்சரிவுகளில் மண்ணே வேறு. தேயிலைக்குப் புளித்த மண் பிடிக்கும். அமிலகாரச் சுட்டெண் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருந்தால் அது செழிக்கும். போஞ்சிக்கும் கோவாவுக்கும் 5.5க்கு மேல் வேண்டும். நூறு வருடத்துக்கு மேல் தேயிலை நின்று, வருடா வருடம் நைதரசன் பசளை வாங்கிய நிலத்தில் அதன் புளிப்பு இன்னும் ஏறியிருக்கும். அங்கே மரக்கறி நட்டால், போடும் பொஸ்பேற்றை மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். செடி குன்றும். குன்றிய செடியைப் பார்த்தவர் கடைக்குப் போவார். கடைக்காரர் யூரியா கொடுப்பார். யூரியா மண்ணை மேலும் புளிக்க வைக்கும். அடுத்த போகத்தில் இன்னொரு மூட்டை.

அந்த நிலத்துக்கு முதலில் தேவைப்பட்டது டொலமைட். நம் நாட்டிலேயே தோண்டி எடுக்கப்படுவது. இறக்குமதிப் பசளையோடு ஒப்பிட்டால் மலிவு. தேயிலையைக் கவ்வாத்து பண்ணும்போது டொலமைட் போடுவது தோட்டங்களுக்குப் பழகிய வேலை. அதே தோட்டத்தின் லயத்தில் இருந்துகொண்டு மரக்கறி செய்பவருக்கு மட்டும் அதைச் சொல்ல ஆளில்லை. எப்பாவலப் பொஸ்பேற்றும் அப்படித்தான். புளித்த மண்ணில் மெதுவாகக் கரைந்து தேயிலைக்கு உதவும். மூன்று மாதத்தில் முடிந்துவிடும் போஞ்சிக்கு அது நேரத்துக்குக் கைகொடுக்காது. வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்து உருளைக்கிழங்குக் காணிகளில் நோய் நேர் எதிர்: கோழி எருவும் பசளையும் மாறி மாறிக் கொட்டியதில் பொஸ்பரஸ் தேங்கிக் கிடக்கிறது. ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை வித்தியாசம் இருக்க, ஒரே துண்டுப்பிரசுரம் எல்லோருக்கும் எப்படிப் பொருந்தும்?

சிபாரிசுகள் இல்லாமல் இல்லை. அவை ஹெக்டேயருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில் இருக்கின்றன. ஹெக்டேயருக்கு 100 கிலோ என்றால், பத்துப் பேர்ச் நிலத்துக்கு இரண்டரைக் கிலோ. இந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்திருந்தால், மூட்டையில் பாதியை அள்ளிக் கொட்டும் பழக்கம் எப்போதோ குறைந்திருக்கும். அடிக்கட்டுப் பசளை எது, மேற்கட்டுப் பசளை எது, அடைமழைக்கு முதல்நாள் யூரியா வீசினால் அது எந்த ஓடையில் போய்ச் சேரும் என்பதெல்லாம் பேர்ச்சிலும் பால்மா டின்னிலும் சொல்லப்பட வேண்டிய கணக்கு.

ஏன் சொல்லப்படவில்லை? முதல் காரணம் காணி. கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் ஒருவர் விவசாயி. மானியமும் கூட்டமும் பயிற்சியும் அந்தப் பெயரைத் தேடித்தான் போகின்றன. தோட்டக் காணியில் உறுதியில்லாமல் பயிர் செய்பவர் அந்தக் கணக்கில் வருவதில்லை. இரண்டாவது மொழி. ஹப்புத்தளை, ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகத்துக்கென 1999இலேயே அறிவிக்கப்பட்டவை. தமிழில் விளக்கக்கூடிய விவசாயப் போதனாசிரியர்கள் இங்கே தேவைக்கு எவ்வளவோ குறைவு.

தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையிலும் அதன் ஊவாக் கிளை பசறையிலும் இருக்கின்றனவே, விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் பண்டாரவளையில் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கின்றன, நல்ல நிபுணர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, மண்ணைப் பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வா என்று தொழிலாளியிடம் சொல்வது சேவை ஆகாது. தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பசளைக் காசைக் கொழுந்துக் கணக்கில் கழிக்கும் தோட்டங்களிலும் இதே கதைதான். காசு கழிக்கப்படுபவருக்கு, போட்டது தேவையான அளவா என்று கேட்க இடமில்லை. விற்பவரே வைத்தியராகவும் இருக்கும் நிலைமைக்குக் கடைக்காரரை மட்டும் குறைசொல்வதில் நியாயமில்லை. வெற்றிடத்தை விட்டவர்கள் யார் என்று பார்க்க வேண்டும்.

ஊவா மாகாண விவசாய நிர்வாகம் மூன்று காரியங்களை உடனே செய்யலாம். காணி உறுதி கேட்காமல், பயிர் செய்பவர் என்ற ஒரே தகுதியில் தோட்டத்து விவசாயிகளைப் பதிய வேண்டும். தமிழ் தெரிந்த போதனாசிரியர்களை நியமிக்க வேண்டும். தோட்டத்துப் படித்த பிள்ளைகள் வேலையில்லாமல் கொழும்புக் கடைகளில் நிற்கும்போது ஆள் கிடைக்கவில்லை என்ற பதில் எடுபடாது. மண் பரிசோதனையை ஞாயிற்றுக்கிழமையில், தோட்டத்துக்கே வந்து செய்ய வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஐப்பசி மழைக்கு முன் பெரகல, ஹல்துமுல்லை, கொஸ்லந்தைத் தோட்டங்களிலிருந்து இதைத் தொடங்கட்டும்.