பள்ளம் இங்கே, பணம் தில்லியில்

2024 ஜூன் 15 அன்று கர்நாடக அரசு பெட்ரோல் மீதான விற்பனை வரியை 25.92 சதவீதத்திலிருந்து 29.84 சதவீதமாக உயர்த்தியது. அதைத் திரும்பப் பெறக் கோரிப் பாஜக வீதிக்கு வந்தது. முதலமைச்சர் சித்தராமையா மறுத்துவிட்டார். வளர்ச்சிப் பணிகளுக்கு நிதி வேண்டும் என்றார். லிங்கராஜபுரத்தின் குண்டும் குழியுமான தெருக்களில் இருசக்கர வண்டியில் வேலைக்குச் செல்லும் தொழிலாளிக்கு லிட்டருக்கு 3 ரூபாய் கூடுதல் சுமை. இதை நாம் வரவேற்க இயலாது.

ஆனால் பாஜகவுக்கு இதைக் கேட்கும் அருகதை உண்டா? 2024-இல் ஒன்றிய அரசு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு வசூலித்தது 19.90 ரூபாய். மாநிலங்களுடன் பகிர வேண்டிய அடிப்படைக் கலால் வரி அதில் வெறும் 1.40 ரூபாய். சாலை மேல்வரி 5 ரூபாய் உள்ளிட்ட மற்றவை நிதிக்குழுப் பகிர்வுக்குள் வருவதே இல்லை. அம்மேல்வரிகள் பகிர்வுக்குள் வரட்டும். மாநில வரியைக் குறைக்கும் பேச்சைப் பிறகு எடுக்கலாம். 2020 செப்டம்பர் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லாத பெங்களூருவில், சாலைச் செலவின் கணக்கை வார்டு வாரியாக மாநில அரசு வெளியிட வேண்டும். மாநகராட்சித் தேர்தலையும் உடனே நடத்த வேண்டும்.