இணையத்தில் இருக்கும் தமிழை எடுத்துக் கொடுப்பவர் யார்?

தெலங்கானாவில் 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் தெலுங்கு கட்டாயப் பாடம். இதில் நாம் வருந்த ஒன்றுமில்லை. பிழைக்க வந்த ஊரின் மொழியைக் குழந்தைகள் கற்பது நியாயமே. ஆனால் மல்லாபூர், நாச்சாரம் பக்கத்து நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் தெலுங்கை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். தமிழோ பேச்சோடு சரி. ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகையைக்கூட அவர்களுக்குப் பிறர்தான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாடநூல் கிடைக்கவில்லை என்று சொல்ல இன்று இடமில்லை. 2001-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக இயங்குகிறது. மழலைக் கல்விப் பாடங்களைப் பாட்டும் கதையும் ஒலியுமாக அது இலவசமாகத் தருகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் நான்கு வாசிப்புப் படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. எழுதியவர், வரைந்தவர் பெயரை விடாமல் யாரும் அச்செடுத்துக்கொள்ளலாம். ஒரே கதை தமிழிலும் தெலுங்கிலும் கிடைப்பதும் உண்டு.

நமக்கு இதுவே பெரிய உதவி. தெலுங்கில் கதையைப் படித்த பிள்ளைக்குப் பொருள் முன்பே தெரியும். தமிழில் எழுத்தைக் கவனித்தால் போதும். சிக்கல் ஒலியில்தான். தெலுங்கில் வல்லின 'ப'வுக்கும் அதன் மெலிந்த ஒலிக்கும் தனித்தனி எழுத்துகள். தமிழில் 'பம்பரம்' என்று எழுதினால் இரண்டு பகரமும் வேறு வேறாக ஒலிக்கும், எழுத்து ஒன்றே. பிள்ளை அங்கே தடுமாறும்போது பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஆசிரியை வேண்டும்.

ஆகவே, சங்கத்துக்கென்று புதிய செயலி செய்யலாம், தனித் தளம் தொடங்கலாம் என்னும் யோசனைகளை நான் ஆதரிக்கவில்லை. தண்டவாளம் இருக்கும்போது பக்கத்திலேயே இன்னொன்று போடுவானேன்? அந்தப் பணத்தில் ஒரு பிரிண்டரும் காகிதமும் வாங்குவோம். ஞாயிறு வகுப்பு எடுக்கும் சகோதரிகளுக்கு வாரம் ஒரு கதையைத் தேர்ந்து, பிள்ளைக்கு ஒரு நகல் வீதம் எடுத்துக் கொடுப்போம். கைபேசியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நாம் நகர்ந்தால், சற்று நேரத்தில் கதை போய் விளையாட்டு வந்துவிடும். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. பெற்றோரும் வீட்டில் ஒருமுறையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வெறும் பேச்சுத் தமிழ் ஒரு தலைமுறை தாங்கலாம். படிக்கத் தெரிந்த பிள்ளைதான் அதைத் தன் பிள்ளைக்கும் கொண்டுசேர்க்கும் என்பது என் தாழ்மையான கருத்து.