சிறு வேடத்தின் பெருமை

நாடகமென்றால் அரசன் வேடம் யாருக்கு என்பதே நம்மிடையே எழும் முதற் கேள்வி. எம்மூராகிய சாத்தான்குளத்து மேடையாயினும், கல்லூரி ஆண்டுவிழா மேடையாயினும் வழக்கம் ஒன்றே. ஏவலாள் வேடத்தை விரும்பி ஏற்பார் அரியர். ஏற்பாரும் அதனைத் தண்டனையாகவே கருதுவர். இக்கருத்துப் பிழையுடைத்தென்பது எம் துணிபு. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. எம்மூருக்கு வடக்கே, பொருநையாற்றை அடுத்த வல்லநாட்டில் 1944-ஆம் ஆண்டு பிறந்த நடிகர் டெல்லி கணேஷ் அவர்களின் வாழ்க்கையே சாலும்.

பொருநை நாட்டினர் பெயரில் டெல்லி புகுந்தது எங்ஙனம்? அவர் 1964 முதற் பத்தாண்டுகள் இந்திய விமானப்படையிற் பணியாற்றியவர். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபையில் நடித்துத் தேர்ந்தவர். 1977-இல் 'பட்டினப் பிரவேசம்' என்னும் படத்தில் அவரை அறிமுகம் செய்த இயக்குநர் கே. பாலசந்தரே அப்பெயரைச் சூட்டினார். பின்னர் நானூற்றுக்கு மேற்பட்ட படங்களிலும், 'மர்மதேசம்', 'செல்லமே' முதலிய தொலைக்காட்சித் தொடர்களிலும் அவர் நடித்தார். அவற்றுட் பெரும்பாலன துணை வேடங்களே.

நிற்க. அவர் பேசிய தமிழைத் தமிழ் மாணவராகிய நாம் உற்று நோக்குதல் தகும். 'பசி' (1979) என்னும் படத்திற் சென்னைக் குடிசைப் பகுதியில் ரிக்‌ஷா இழுக்கும் தந்தையாக வந்தார். தமிழக அரசின் சிறப்புப் பரிசும் பெற்றார். 'சிந்து பைரவி'யில் (1985) மதுவால் நிலை தவறும் மிருதங்கக் கலைஞர். 'மைக்கேல் மதன காமராஜ'னிற் (1990) பாலக்காட்டுச் சமையற்காரர். மூவர்க்கும் மூன்று தமிழ். ஒருவர் பேச்சின் சாயல் மற்றவரிடத்து இல்லை. வட்டார வழக்கை இழிவென்று எண்ணாது காதாற் கற்றவர்க்கன்றி இது கைகூடாது.

'தலைவனின்றிக் கதை ஏது?' என்பார் உளர். உண்மையே. ஆயின் அவையோரின் உள்ளங் கவரத் தலைவனுக்கு மூன்று மணி நேரம் உண்டு. ஏவலாளுக்கோ ஐந்து நிமிடமே. அதற்குள் ஒரு முழு மனிதனைக் காட்டிச் செல்பவனது தொழில் எளிதாமோ? மேலும், தலைவன் கதறி அழுங்கால் எதிரே நிற்பவன் வெறுமனே விழித்து நிற்பின், அவ்வழுகை நகைப்பிற்கே இடமாகும்.

டெல்லி கணேஷ் 2024 நவம்பரில், எண்பது அகவை நிறைந்த நிலையில் மறைந்தார். அவரை நினைவுகூர்வதற்கு எம் நாடகக் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம் செய்கின்றோம். தலைவனுக்குப் பரிசளிக்கும் வழக்கம் நிலைக்கட்டும். அதனோடு, சிறு வேடத்தைச் செம்மையுற நடித்தவர்க்கும் ஆண்டுதோறும் ஒரு பரிசு அளியுங்கள். நிகழ்ச்சித் தாளில் ஏவலாளின் பெயரையும் அச்சிடுங்கள்.

இக்கல்லூரியை விட்டு நீங்கியபின் நம்மிற் பெரும்பாலோர் அரசராகப் போவதில்லை; ஆசிரியராகவும் எழுத்தராகவும் அமர்வோம். நமக்கு வாய்த்த வேடத்தை நாணாது ஏற்று நிறைவுறச் செய்யும் பயிற்சியை இம்மேடையிற் பெறாவிடின், வேறெங்கே பெறப்போகின்றோம்?