மலிவு போல்ட்டின் உண்மையான விலை

எங்கள் திருவண்ணாமலையில் எந்த மெக்கானிக் கடையிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பழைய பைக்கின் சைலன்சரைக் கழற்ற வேண்டும். நட்டு அசையாது. மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டி, கடைசியில் ஸ்பேனரைப் போட்டு ஓர் அழுத்து... போல்ட் பாதியில் முறிந்துவிடும். போல்ட் விலை சில ரூபாய்தான். உள்ளே மாட்டிய துண்டை எடுக்க லேத் பட்டறைக்குப் போனால் அரை நாள் பிழைப்பு போச்சு!

சூடும் மழைத் தண்ணீரும் சேர்ந்து பார்த்த வேலை அது. இதையே பெரிய ஆலைகளில் யோசித்துப் பாருங்கள். அனல் மின் நிலையத்தின் நீராவி டர்பைனில் வெப்பம் 500 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் சாதாரண எஃகு போல்ட் மெல்ல மெல்ல நீண்டு பிடியை விட்டுவிடும், நீராவி கசியும். கடல் நீர் இன்னொரு விதம். துருவே பிடிக்காது என்று நாம் நம்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக்கூட, போல்ட் தலைக்கு அடியில் இருக்கும் இடுக்கில் உப்பு அரித்துவிடும். இதற்காகத்தான் நிக்கல் கலப்பு உலோக போல்ட்டுகள் வந்தன. டர்பைனுக்கு நிமோனிக் 80ஏ, கடல் நீருக்கு இன்கோனல் 625 என்று இடத்துக்கு ஏற்ற வகைகள் உண்டு.

பிரச்சினை விலையில்தான். நமக்குத் தேவையான நிக்கலில் பெரும்பகுதி இறக்குமதி. அதன் விலையோ ஒரு நிலையில் நிற்காது. 2022 மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் டன் 1 லட்சம் டாலரைத் தாண்டி, அன்றைய வியாபாரத்தையே ரத்து செய்தார்கள். கொள்முதல் அதிகாரி தயங்குவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் காமர்ஸ் படிக்கிறவனுக்கு இங்கே ஒரு கணக்கு உறுத்துகிறது. ஒரு குழாய் இணைப்புக்கு 16 போல்ட். சாதாரணம் 100 ரூபாய், நிக்கல் 2,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 30,400 ரூபாய். 2013-ல் திறந்த நெம்மேலி கடல்நீர் குடிநீர் ஆலையின் திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர். லிட்டர் 5 காசு என்று போட்டாலும், அப்படி ஓர் ஆலை ஒரு நாள் முழுக்க நின்றால் 50 லட்சம் ரூபாய்த் தண்ணீர் இல்லை. குடத்தோடு காத்திருப்பவர்களின் நேரம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது.

அதற்காக எல்லா இடத்திலும் நிக்கல் போடச் சொல்லவில்லை. சைக்கிள் ஸ்டாண்டு கூரைக்கு இன்கோனல் போட்டால் அதுவும் வீண் செலவுதான். எங்கே சூடு, எங்கே உப்பு, எது நின்றால் எல்லாம் நிற்கும் என்று பார்த்துப் போட வேண்டும்.

"குறைந்த விலைக்குத்தானே டெண்டர் கொடுக்க முடியும்?" என்று கேட்கலாம். தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வெறும் விலையை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. டெண்டர் ஆவணத்தில் சொன்ன, அளந்து பார்க்கக்கூடிய காரணிகளையும் சேர்த்து எது குறைவு என்று பார்க்கச் சொல்கிறது. அப்படியென்றால் ஆயுட்காலத்தையும் பராமரிப்புச் செலவையும் ஆவணத்திலேயே எழுதி வைக்கலாமே! வழி இருக்கிறது, எழுதத்தான் ஆள் வேண்டும்.

வாங்கும் விலை ரசீதில் ஒரு முறைதான் வரும். முறிகிற விலையை ஒவ்வொரு முறையும் கட்ட வேண்டும்.